ஒரு வருஷம் கழித்துக் கயிறு போடலாம்

1

உங்கள் தலை எத்தனை றாத்தல் தாங்கும்?

யோசித்துச் சொல்லுங்கள், உங்களுக்கு அவசரமில்லை. அவசரம் எனக்குத்தான். முதலாளி பத்து மணிக்கு வருவார், அதற்குள் இதை அடித்து முடிக்க வேண்டும். மிஷின் அவருடையது, ரிப்பன் அவருடையது, தாளும் அவருடையது. லாரிச் சரக்குப் பட்டியல் அடிக்க வேண்டிய தாளில் ஒரு பி.ஏ. பட்டதாரி சொந்தக்கதை அடித்துக்கொண்டிருக்கிறான். பிடித்தால் பிடிக்கட்டும்.

அட்டன், நோர்வூட், டயகம பக்கமிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியில் புதிதாக ஒன்றுமில்லை. உங்கள் அம்மாவின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாலே பதில் கிடைக்கும். இந்தத் திருச்சியில்தான் எல்லாவற்றையும் விளக்கவேண்டியிருக்கிறது. போன வாரம் எங்கள் ஆபீஸ் குமாஸ்தா ரெங்கசாமி ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏம்ப்பா கண்டி, உங்கூர்ல தேயிலை மரத்துல ஏணி வச்சு ஏறித்தான் பறிப்பாங்களா?"

என் பெயர் சூசை. இந்த ஆபீஸில் 'கண்டி'. கண்டி டவுனை நான் கண்ணால் பார்த்ததில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் இவர்களுக்கு ஏறாது. கடல் தாண்டிய இடமெல்லாம் கண்டிதான்.

"ஏணி எல்லாம் கட்டுப்படியாகாதுண்ணே. ஏரோப்ளேன்ல வந்து பறிப்பாங்க" என்றேன்.

பிறகு பாவமாக இருந்தது. பார்சல் கட்டும் கயிற்றை எடுத்துக் குப்பைக்கூடையின் இரண்டு காதிலும் கட்டினேன். கூடையை அவர் முதுகில் விட்டுக் கயிற்றைத் தூக்கி அவர் தலையில் மாட்டினேன். "இதான்ணே. கூடை முதுகுல, கயிறு தலையில, ரெண்டு கையும் கொழுந்துல. இப்ப மேல ஏறுங்க." கூடைக்குள் ஒவ்வொன்றாகப் பழைய பேரேட்டுப் புத்தகங்களைப் போட்டேன். மூன்றாவது புத்தகத்தில் மனிதர் கத்திவிட்டார்.

"டேய், கழுத்து போச்சுடா!"

"இதோட மழையச் சேத்துக்கங்க. வழுக்குற மேட்டச் சேத்துக்கங்க. காலுல நாலு அட்டை. அப்படியே இருவது வருஷம்."

கயிற்றைக் கழற்றிவிட்டு உச்சந்தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். "தலை வலிக்காதாப்பா?"

வலிக்கும். அந்த வலியில்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம்.

கொழும்பில் எங்கள் அம்மாவின் தலையைத் திறந்து மூளைக்கட்டியை எடுத்து இன்றோடு ஒரு வருஷம். இன்று காலைப் பெரட்டில், பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்த இடத்தில், அம்மா கூடையோடு நிற்பதாகப் பேச்சு. அம்மா நிற்கக் கூடாது. கயிறு தலையில் ஏறவே கூடாது. அது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்: கொழும்பு டாக்டருக்கு, எனக்கு, கொஞ்ச நாளாக என் தங்கச்சி ரோசுவுக்கு.

ரோசுவின் கடுதாசி இன்னும் வரவில்லை. தபால்காரர் ஒன்பது மணிக்கு வருவார்.

2

எங்கள் தோட்டம் நோர்வூட்டுக்கு மேலே. நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் லயத்துக் காம்பராவை, தோட்டம் கொடுத்த அந்த ஒற்றை அறையை, தாங்கி நின்றது அம்மாவின் பெயர் ஒன்றுதான். சட்டம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு பெயராவது மலைக்கு வேலைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். அம்மா போனாள், அதனால் நான் படித்தேன். பங்குச் சாமியார் கொடுத்த ஒரு சிபாரிசுக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு கப்பலேறித் திருச்சிக் காலேஜுக்கும் வந்தேன்.

கட்டி முதலில் புளியங்கொட்டை அளவுதான் இருந்தது. முன்னுச்சியில், வகிட்டின் மேலே, சரியாகக் கயிறு உட்காரும் இடத்தில். அங்கே எல்லாப் பெண்களுக்கும் முடி தேய்ந்து ஒரு தடம் இருக்கும். அம்மாவுக்கு அந்தத் தடத்தின் நடுவில் ஒரு மேடு.

"கயித்துக்காய்" என்று லயமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் கங்காணி அதற்குக் காரணமும் சொன்னார்.

"மம்பட்டி புடிக்கிறவனுக்குக் கையில காய்க்குது. ஒனக்குத் தலையில காய்ச்சிருக்கு, அந்தோனியம்மா. ஒழைச்ச தலை!"

அம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். தோட்டத்து மருந்துக்காரர் விரலால் அமுக்கிப் பார்த்து வெள்ளை மாத்திரை கொடுத்தார். பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்கா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் வைத்தார். அம்மா கயிற்றை இரண்டு விரல் பின்னால் தள்ளிப் போட்டாள். கட்டி பாக்கு அளவு ஆனது. காலையில் எழுந்ததும் தலை பிளக்கும், வெயில் ஏறினால் குறையும். கயிறு காரணம் என்றால் சாயங்காலம்தானே அதிகம் வலிக்க வேண்டும்? ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பி.ஏ. படித்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது வேறு. ரோசு கடுதாசியில் எழுதினாள். "அம்மாவுக்கு கயிறு போட்ட எடத்துல ரொம்ப வலிக்குதாம் அண்ணே." உடனே நான் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். பாரம் ஒரே கோட்டில் விழுகிறது, அகலமான இடத்தில் பரப்பினால் அழுத்தம் குறையும் என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதினேன். அதோடு விட்டேனா? பெரிய கடைவீதிக்குப் போய், நாலு விரல் அகலத்தில் வெள்ளைக் கட்டில் நாடா வாங்கினேன். ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். கயிற்றை எடுத்துவிட்டு இதை மாட்டு என்றேன்.

அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. மலையில் அவளுக்கு 'நாடாக்காரி' என்று பெயரே வந்துவிட்டது. மற்றப் பெண்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம். நாடா மெத்தென்று இருந்ததால் வலியும் கொஞ்சம் குறைந்ததாம். ரோசு எழுதினாள். "அம்மா எல்லார்கிட்டயும் எம்மவன் காலேசுல படிச்சுக் கண்டுபுடிச்சதுன்னு சொல்லுது." அந்தக் கடுதாசியை ஹாஸ்டலில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன்.

அந்த நாடாவோடு அம்மா இரண்டு வருஷம் ஓட்டினாள். இரண்டு வருஷமும் உள்ளே அது வளர்ந்தது.

3

இங்கே என் தினசரி வாழ்க்கையை ஒரு வரியில் அடித்துவிடலாம். காலையில் மெஸ்ஸில் இட்டிலி, பிறகு இந்த மிஷின், சாயங்காலம் மறுபடி மெஸ். 'தேத்தண்ணி' என்றால் ஓட்டல்காரர் சிரிக்கிறார். 'றாத்தல்' என்றால் முதலாளி திட்டுகிறார், இங்கே கிலோ வந்துவிட்டது. அவ்வப்போது ஓர் ஆபீஸுக்குப் போய் நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அங்கே என்னை 'சிலோன் ஆள்' என்று எழுதிக்கொள்கிறார்கள். தலைமன்னாரில் இறங்கினால் 'இந்தியாக்காரன்' என்று எழுதிக்கொள்கிறார்கள். கடலின் நடுவில் கப்பலில் இருக்கும்போது மட்டும் யாரும் எதுவும் எழுதுவதில்லை. அந்த இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கும்.

போன வருஷம் அப்படித்தான் கப்பலேறினேன். காலேஜ் முடித்து இந்த வேலையில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். ரோசுவின் கடுதாசி வந்தது. அம்மா காலையில் வாந்தி எடுக்கிறாளாம். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறாளாம். மலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்துவிட்டாளாம்.

நான் போய் இறங்கியபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் எனக்கு ஒரு சாண் இடப்பக்கமாகப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, நான் இங்க இருக்கேன்."

"தெரியுதுடா. ரெண்டு சூசை நிக்கிறீங்க. எவன் எம்மவன்னு பாக்குறேன்."

"வெளையாடாதம்மா."

"வெளையாட்டு இல்லடா. பெரட்டுலயும் ரெண்டு கங்காணி நிக்கிறாரு. ஒண்ணையே சமாளிக்க ஏலாது, இதுல ரெண்டு!"

மறுநாள் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இளவயது டாக்டர் ஒருவர் சின்ன டார்ச்சை அம்மாவின் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். கட்டியைத் தொட்டபோது நான் முந்திக்கொண்டு சொன்னேன், "அது கயித்துக்காய், டாக்டர். கொழுந்துக்கூடை." இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றைக்கே கொழும்புக்குச் சீட்டு எழுதிவிட்டார்கள்.

4

கொழும்பு டாக்டர் சீமையில் படித்துவிட்டு வந்த சிங்களவர். படபடவென்று இங்கிலீஷில்தான் பேசுவார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடைத்தெருச் சிங்களம் தெரியும். நர்ஸிடம் "மிஸி, ஒளுவ ரிதெனவா" என்று தலைவலியைச் சொல்லும் அளவுக்கு. ஆகையால் டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்ற வாய் நான். எனக்கு அதில் பெருமை வேறு. வார்டு முழுக்கக் கேட்கட்டும் என்று சத்தமாகவே இங்கிலீஷ் பேசினேன்.

டாக்டர் எக்ஸ்ரேப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் முளைத்த கட்டி, மெதுவாகப் பல வருஷம் வளர்ந்து மேலே இருக்கும் எலும்பையும் தடிக்க வைத்திருக்கிறது என்றார். வெளியே கையில் தட்டுப்பட்டது அந்த எலும்பு. கெட்ட சாதிக் கட்டி இல்லை. ஆனால் இடம் போதாமல் உள்ளே நெருக்குகிறது. விட்டால் முதலில் கண் போகும், பிறகு ஆள்.

நான் நாடாவைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. டாக்டர் எக்ஸ்ரேப் படத்தைக் கீழே வைத்தார்.

"நல்ல யோசனைதான். வேறு வியாதியாக இருந்திருந்தால்" என்றார்.

ஆபரேஷன் பண்ணினால்? கையை விரித்துக் காட்டினார். மேசையிலேயே போகலாம். பேச்சுப் போகலாம். ஒன்றும் ஆகாமல் நன்றாகவும் ஆகலாம். இரண்டு நாளில் பதில் சொல்லுங்கள் என்றார்.

அதை நான் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டாள். கேட்டுவிட்டு, "வேணாம்" என்றாள்.

"என்ன வேணாம்? கண்ணு போயிரும்மா."

"போகட்டும். கொழுந்து பறிக்கக் கண்ணு எதுக்கு? இருவது வருசமாக் கை பாக்குது. விரல் வச்சா எது முத்தல் எது பிஞ்சுன்னு சொல்லிரும். கங்காணி கொரலு இருக்கு, வழி காட்ட. ஆனா தலை போச்சுன்னா கயித்த எங்கடா மாட்டுறது? ஒன் தலையிலயா?"

"உயிரே போயிரும்னு சொல்றாங்க."

"அது எல்லாருக்கும் போகும்."

"அம்மா, நான் படிச்சவன் சொல்றேன்."

"நீ படிச்சவன்தான். நாடாவும் நீ படிச்சுத்தான் அனுப்புன."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். மறுநாளும் அதே பேச்சு. கத்தினேன், கெஞ்சினேன், பக்கத்துக் கட்டில் அம்மாளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். அம்மா அசையவில்லை. அவள் கணக்கு ரோசுவைச் சுற்றியே இருந்தது. அம்மா பெயர் விழுந்தால் அந்த இடத்துக்கு ரோசு பெயர் போகும். ரோசுவுக்கு அப்போது பதின்மூன்று. நோர்வூட் பள்ளிக்கூடத்தில் வகுப்பில் முதலாவது வருகிற பிள்ளை. அம்மாவுக்குத் தன் தலையைவிட அந்தப் பிள்ளையின் தலையில் கயிறு ஏறாமல் இருப்பதுதான் பெரிது.

கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னாள். "சரி. டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. வெட்டி எடுத்து நல்லாயிட்டா, நான் மறுபடி கயிறு போடலாமா? போடலாம்னா கைநாட்டு வைக்கிறேன். இல்லன்னா என்னைய அட்டன் ரயில்ல ஏத்தி விடு."

டாக்டர் வந்தார். அம்மாவுக்கு முன்னாலேயே கேட்டேன். இங்கிலீஷில்தான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். கெட்டுப்போன எலும்பைத் திரும்ப வைக்க முடியாது, அந்த இடம் எலும்பில்லாமல்தான் இருக்கும், ஆகையால் தலையில் பானை இல்லை, கூடை இல்லை, கயிறு இல்லை, எந்தக் காலத்திலும் இல்லை என்றார்.

அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா சொல்றாரு?"

"போடலாமாம்" என்றேன். "ஒடனே வேணாமாம். ஒரு வருஷம் போகட்டுமாம். ஒரு வருஷம் கழிச்சுக் கயிறு போடலாமாம்."

"தலைய ஆட்டுனாரே?"

"அது, ஒடனே போடக் கூடாதுன்னு ஆட்டுனாரு."

அம்மா டாக்டரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அவரும் சிரித்துக் கையைக் கூப்பினார். நர்ஸ் மைத்தட்டைக் கொண்டுவந்தார். அம்மாவின் பெருவிரல் ஏற்கெனவே தேயிலைக் கறையில் கறுப்பாகத்தான் இருந்தது. அதன்மேல் மை பட்டது.

5

மொட்டையடித்தார்கள். கண்ணாடி கேட்டுப் பார்த்தாள். "ஒங்கப்பன் மாதிரியே இருக்கேன்" என்றாள். அன்று காலை தள்ளுவண்டியில் கொண்டுபோனவர்கள் சாயங்காலம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். நடுவில் நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். வராந்தாவில் எத்தனை ஓடு என்று இப்போதும் சொல்லுவேன்.

மூன்றாம் நாள் கண் திறந்தாள். முதல் பேச்சு: "பெரட்டு கலைஞ்சிருச்சா?"

அடுத்த பத்து நாள் பெரிய கூத்து. சொற்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன, ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. எல்லாமே கூடை. தம்ளர் கூடை, நர்ஸ் கூடை, நானும் கூடை.

"ஏய் கூடை, அந்தக் கூடையில கொஞ்சம் கூடை ஊத்து" என்பாள். நான் தண்ணீரை ஊற்றிக் கொடுப்பேன். சரியாகத்தான் இருக்கும். சொல்லும்போதே தப்பு என்று அவளுக்குத் தெரியும். கோபம் வரும். கோபத்திலும் வருவது கூடைதான். பதினோராம் நாள் ஜன்னலில் காக்கா ஒன்று வந்து உட்கார்ந்தது. "காக்கா" என்றாள். வார்டே கைதட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் பெயர் வர இன்னும் நாலு நாள் ஆனது.

கண்ணும் திரும்பியது. இடது கண்ணின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இருட்டு. இரண்டு கங்காணி ஒரு கங்காணி ஆனார்.

லயத்துக்குக் கூட்டிவந்தபோது பொம்பளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். செல்லம்மா அக்கா மொட்டையைப் பார்த்துவிட்டு, "எந்தக் கோயிலு நேர்த்தி, அந்தோனியம்மா?" என்றார்.

"கொழும்புக் கோயிலு. சாமி இங்கிலீசுல பேசுது. எம்மவந்தான் பூசாரி."

எல்லோரும் சிரித்தார்கள். பூசாரியும் சிரித்தான்.

எலும்பு இல்லாத இடத்தில் தோல் மெதுவாக ஏறி இறங்கும். பச்சைப்பிள்ளையின் உச்சிக்குழி துடிக்கிறதே, அப்படியே. ரோசு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "தொடாதடி, நான் இப்பத்தான் பொறந்துருக்கேன்" என்பாள் அம்மா. நடை பழகினாள். அடுப்பு மூட்டப் பழகினாள். உப்பு ஒரு தடவைதான் போட்டாள்.

தொழிற்சங்கத் தலைவர் தோட்டத்துத் துரையிடம் பேசினார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினோம். கண்டாக்கு ஐயா, எங்கள் கணக்குக்குப் பொறுப்பான அதிகாரி, பேரேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"ஆபரேசன் நாள்லேருந்து ஒரு வருசம் பொறுப்போம். அதுக்கப்புறம் இந்தக் காம்பராவுக்கு ஒரு பேரு மலைக்குப் போயாகணும். அம்மாவா, மகளா, நீங்களே பாத்துக்கங்க."

பிறகு என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். "இல்லாட்டி தம்பி இருக்காரே. பட்டதாரி! கவ்வாத்துக் கத்தி புடிக்கத் தெரியுமா தம்பி?"

பெரட்டுக்களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அடுத்த வாரம் என் பயணச் சீட்டின் கெடு முடிகிறது என்று சொல்லிக் கப்பலேறிவிட்டேன்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட ஒரு மாதத்தில் பழகலாம். சும்மா சொல்லிவைக்கிறேன்.

6

அம்மா வருஷத்தை எப்படி எண்ணினாள் என்று ரோசு எழுதியிருந்தாள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிப் பூசைக்குப் போய்விட்டு வந்து, அடுப்புக்கரியால் சுவரில் ஒரு கோடு. ஐந்து கோடு ஆனபோது முடி காது வரைக்கும் வளர்ந்திருந்ததாம். எட்டுக் கோட்டில் பழைய கூடையை அடுப்புக்கு மேலே புகையில் கட்டிவிட்டாளாம், பூச்சி அரிக்காமல் இருக்க. பத்துக் கோட்டில் நாடாவைத் துவைத்துக் காயப்போட்டாளாம்.

நான் இங்கே என்ன செய்தேன்? சரக்குப் பட்டியல் அடித்தேன். தோளில் மாட்டும் கூடை எப்படிச் செய்யலாம் என்று படம் போட்டேன். அம்புக்குறி போடும்போது கை நின்றுவிட்டது, கிழித்துப்போட்டேன். உண்மையை எழுதலாம் என்று உட்காருவேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ரோசுதான் வாசித்துக்காட்ட வேண்டும். அவள் வாயால் அதை எப்படிச் சொல்லவைப்பது? அடுத்த மாதம் எழுதலாம். அதற்கும் அடுத்த மாதம்.

பதினோராவது கோடு என்று கடுதாசி வந்த அன்றைக்குப் பயம் பிடித்துவிட்டது. ரோசுவுக்கு மட்டும் என்று உறையில் எழுதி, நாலே வரி எழுதினேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. எந்தக் காலத்திலும் கயிறு கூடாது என்றார். நான்தான் பொய் சொன்னேன். அம்மாவைத் தடுத்துவிடு, எப்படியென்று எனக்குத் தெரியவில்லை.

பதினாலு வயதுப் பிள்ளையிடம் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அதற்கு முன்னால் எத்தனையோ நாள் சாப்பாடு இறங்கவில்லை, அன்றைக்கு இறங்கியது.

அது நடந்து பதினைந்து நாள். இன்று வரை பதில் இல்லை. ரெங்கசாமி இப்போதுதான் வந்தார். "என்ன கண்டி, காலையிலேயே மிஷின் இந்தப் போடு போடுது?" என்கிறார். "சரக்கு நிறைய இருக்குண்ணே" என்றேன். வாசலில் சைக்கிள் மணி.

7

வந்துவிட்டது. கடுதாசியை மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே அடிக்கிறேன்.

"அன்புள்ள அண்ணனுக்கு, ரோசு எழுதுவது. அம்மா சொகம். நீ எழுதுனத நான் அம்மாகிட்ட வாசிக்கல. கொழும்பு டாக்டர் ஒனக்கு கடுதாசி போட்டுருக்காரு, இன்னும் ஒரு வருஷம் கழிச்சு கயிறு போடலாம்னு சொல்லிருக்காருன்னு வாசிச்சேன். நீ சொன்ன மாதிரியே சொன்னேன். அம்மா நம்பிருச்சு. ஆனா கெடு முடியுதுல்ல. அதுனால நானே கண்டாக்கு ஐயாகிட்ட போயி என் பேர போட சொல்லிட்டேன். அவரு சரின்னுட்டாரு. டீச்சர் லயத்துக்கு வந்து அழுதாங்க. அம்மா என்னைய அடிச்சுச்சு. அப்புறம் அதுவே நாடாவ எடுத்து என் தலைக்கு அளவு பாத்து கட்டி குடுத்துச்சு. ஒரு வருஷம் தானடி, அடுத்த வருஷம் நான் வந்துருவேன், நீ பள்ளிக்கூடம் போயிரலாம்னு சொல்லுது. நீ கவலப்படாத அண்ணே. நாடா நல்லா மெத்துன்னு இருக்கு. தலை வலிக்கல."

மணி ஒன்பது இருபது. அங்கேயும் இதே மணிதான். நோர்வூட்டில் பள்ளிக்கூட மணி அடித்தாகிவிட்டது. ரோசு பதினோராம் நம்பர் மலையில் நிற்கிறாள்.